கடைசி இடத்தின் பொருளாதாரம்

2018 மார்ச் 8. ஐ-லீக் கால்பந்துப் பருவத்தின் கடைசி நாள். பஞ்ச்குலாவில் மினர்வா பஞ்சாப் அணியும் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணியும் மோதின. வென்றால் மினர்வாவுக்குப் பட்டம் உறுதி. சர்ச்சிலுக்கோ வென்றால்தான் பிழைப்பு. கானா நாட்டு வீரர் வில்லியம் ஒபோகு அடித்த ஒரே கோல் மினர்வாவைச் சாம்பியன் ஆக்கியது. சர்ச்சிலைக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளியது. அன்று ஆடாத மூன்றாவது அணி ஒன்றும் அந்தக் கோலால் தப்பித்தது. கோவையைச் சொந்தக் களமாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி அணிதான் அது.

கணக்கு எளியது. 18 ஆட்டங்கள் முடிந்தபோது சென்னை சிட்டியிடம் 19 புள்ளிகள், சர்ச்சிலிடம் 17. சர்ச்சில் வென்றிருந்தால் 20 ஆகியிருக்கும். இறங்குவது தமிழ்நாட்டு அணியாக இருந்திருக்கும். பட்டியலில் இவர்களுக்கும் கீழே இந்தியன் ஆரோஸ் என்ற இளையோர் அணி இருந்தது. அது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சொந்த அணி என்பதால் தரமிறக்கத்திலிருந்து விலக்குப் பெற்றிருந்தது. எனவே ஒன்பதாம் இடமே மரண இடமாயிற்று.

அந்தப் பருவத்தில் சென்னை சிட்டி எப்படி ஆடியது என்பதற்குக் கொல்கத்தாவே சாட்சி. ஜனவரி 2 அன்று அங்கே மோகன் பகானை வீழ்த்தியது. தோற்ற அணியின் பயிற்சியாளர் சஞ்சய் சென் பதவி விலகினார். பிப்ரவரி 24 அன்று அதே நகரில் ஈஸ்ட் பெங்காலிடம் 7-1 என்று நொறுங்கியது. கீழ்வரிசை அணிகளின் இயல்பே இதுதான். அவற்றுக்குத் திறமை இல்லாமலில்லை, நிலைத்தன்மைதான் இல்லை.

தரமிறக்கம் என்ற விதியைப் பொருளியல் மாணவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1888இல் 12 அணிகளுடன் லீக் தொடங்கியபோது, கடைசி நான்கு அணிகள் மறு பருவத்தில் நீடிக்கலாமா என்பதைச் சங்கங்கள் வாக்களித்துத் தீர்மானித்தன. வாக்கெடுப்பில் நட்பும் பகையும் நுழைவது இயல்பு. 1892இல் இரண்டாம் பிரிவு வந்தது. சில ஆண்டுகள் தகுதி ஆட்டங்கள் நடந்தன. 1898இல்தான் தன்னியல்பான ஏற்ற இறக்கம் நிலைபெற்றது. யார் உள்ளே, யார் வெளியே என்பதை உரிமையாளர்களின் அறையிலிருந்து எடுத்து மைதானத்தில் வைத்த சீர்திருத்தம் அது. அமெரிக்கா வேறு வழியில் சென்றது. அங்கே கூடைப்பந்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் அணி என்பது வாங்கி விற்கும் உரிமம். கடைசி இடம் பெறும் அணிக்குத் தண்டனை கிடையாது. மாறாக, அடுத்த ஆண்டுப் புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை கிடைக்கிறது. அதனால் வேண்டுமென்றே தோற்கும் கலையும் அங்கே வளர்ந்திருக்கிறது.

1981இல் எட்வர்டு லாசியரும் ஷெர்வின் ரோசனும், ஊதியம் உழைப்பின் அளவுக்கு அல்லாமல் தரவரிசைக்குத் தரப்படும்போது மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். முயற்சியைத் தீர்மானிப்பது பரிசின் அளவைவிட, ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் உள்ள இடைவெளிதான். சாதாரண லீக்கில் அந்த இடைவெளி உச்சியில் மட்டும் உண்டு. தரமிறக்கம் அடியிலும் ஒரு பள்ளத்தை வெட்டுகிறது. அதற்கும் மேலாக, கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் காட்டியதுபோல, பெறுவதன் இன்பத்தைவிட இழப்பதன் வலி நமக்குப் பெரிது. தொழில்முறை கோல்ஃப் வீரர்கள்கூட, ஓர் அடி மிச்சப்படுத்துவதற்காகப் பந்தைக் குழிக்குள் தள்ளுவதைவிட, ஓர் அடி கூடிவிடாமல் தவிர்ப்பதற்காகத் தள்ளும்போது அதிகத் துல்லியம் காட்டுகிறார்கள் என்று பிற்கால ஆய்வு ஒன்று கண்டது. பருவ முடிவில் கடைசி அணிகள் ஆடும் வெறிக்கு விளக்கம் இதில் கிடைக்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி 2015 வசந்தத்தில் கடைசி இடத்திலிருந்து எழுந்து, இறுதி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று தப்பியது. மறு ஆண்டே பட்டம் வென்றது.

இழப்பு அச்சத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கப் பாடநூல் தேவையில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலைகளுக்கு ஆண்டின் கணக்கு தீபாவளி என்ற ஒற்றை நாளில் முடிகிறது. அந்த நாளுக்குமுன் சரக்கு போய்ச் சேராவிட்டால் ஓராண்டு முதலீடு முடங்கிவிடும். கடைசி மாதங்களில் வேகம் கூடுகிறது. உரிமம் பெற்றவரிடமிருந்து அறைகளை உள்குத்தகைக்கு எடுத்தவர்கள், அனுமதித்த அளவுக்கு மேல் ஆட்களையும் மருந்தையும் அடைக்கத் துணிகிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனது அப்படியொரு பருவ நெருக்கத்தில்தான். கீழே விழும் அச்சம் உழைக்கவும் வைக்கும், விதியை மீறவும் வைக்கும். கால்பந்தில் மீறல் கடனாகவும் சூதாகவும் வெளிப்படுகிறது. இங்கே வெடிக்கிறது. தரமிறக்கப் போரை வெறும் வீரக்கதையாக எழுதும் விளையாட்டுப் பக்கங்களை நான் சற்றுத் தயக்கத்துடன் படிப்பது இதனால்தான்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். உரிமம் ரத்தான ஆலைக்கு இரண்டாம் பிரிவு கிடையாது. அது மூடப்படும், திரிக்கும் அறையிலும் மருந்து செலுத்தும் அறையிலும் இருந்தவர்கள் வேறு ஆலை தேட வேண்டும். கால்பந்துச் சங்கமோ கீழே இறங்கினாலும் ஆடிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர், மைதானம், ரசிகர்கள் யாவும் மிஞ்சுகின்றன. திரும்பி ஏறவும் வழி உண்டு. சொல்லப்போனால் தரமிறக்கம் ஒரு மென்மையான திவால் சட்டம்.

அந்த வழி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஐ-லீக்கே சான்று. ஐசால் அணி 2015-16 பருவத்தில் ஒன்பது அணிகளில் எட்டாவதாக வந்து இறக்கப்பட்டது. கோவா அணிகள் விலகியதால் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2017இல் பட்டம் வென்றது. மினர்வா 2017இல் பத்தில் ஒன்பதாவது, 2018இல் சாம்பியன். சென்னை சிட்டி 2018இல் எட்டாவது. சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸின் கீழ், பெத்ரோ மான்ஸி 21 கோல்கள் அடிக்க, 2019 மார்ச் 9 அன்று கோவையில் அதே மினர்வாவை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்தள்ளிப் பட்டம் பெற்றது. மூன்று ஆண்டுகள், மூன்று சாம்பியன்கள். மூவரும் முந்தைய பருவத்தில் பள்ளத்தின் விளிம்பில் நின்றவர்கள்.

விதிவிலக்குகள் இல்லாமல் இது நடந்திருக்காது என்று ஒருவர் வாதிடலாம். ஐசாலை மீட்டது கூட்டமைப்பின் முடிவு. 2018இல் இறக்கப்பட்ட சர்ச்சிலையும் கூட்டமைப்பு பின்னர் மீட்டது. உண்மைதான். எனினும் விலக்குகளால் ஆளப்படும் ஏணி, 1888இன் வாக்கெடுப்பு அறைக்கே திரும்பிச் செல்கிறது என்பதையும் அந்த வாதமே ஒப்புக்கொள்கிறது. சென்னை சிட்டியும் மினர்வாவும் ஐ-லீக்குக்குள் வந்ததே ஏறி வந்து அல்ல, நேரடி நுழைவில்தான்.

2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் அமெரிக்க வழியைத் தேர்ந்தது. பல கோடி ரூபாய் கட்டணம் செலுத்தும் முதலீட்டாளர், தோல்வியால் வெளியேறும் அபாயத்தை ஏற்கத் தயங்குவதில் வியப்பில்லை. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்புதல் அளித்த திட்டப்படி, 2024-25 பருவத்தில் தரமிறக்கமும் தொடங்கியிருக்க வேண்டும். ஏற்றம் மட்டும் வந்தது. 2023இல் மினர்வாவின் வழிவந்த பஞ்சாப் அணியும், 2024இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் மேலே சென்றன. 2024-25இல் முகமதன் கடைசி இடத்தில் முடித்தது, இறக்கப்படவில்லை.

சென்னை சிட்டி 2020-21 பருவத்துக்குப் பின் ஐ-லீக்கில் இல்லை. 1946இல் நேதாஜி விளையாட்டுச் சங்கமாகத் தொடங்கி, சுவிட்சர்லாந்தின் பாசல் அணியையே பங்குதாரராக ஈர்த்த ஒரு சங்கம் அது. தமிழகக் கடலோரத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் போன்றவர்களுக்கு அது தேசியக் கால்பந்தின் வாசல். அத்தகைய வாசல் ஒன்று அடைபடும்போது அதன் இழப்பு எந்தப் புள்ளிப் பட்டியலிலும் பதிவாவதில்லை.

மகளிர் லீக்கில் நிலைமை சற்று மேல். 2023-24இல் பட்டம் வென்ற ஒடிசா அணி, அடுத்த பருவத்திலேயே கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டது. யாரும் விலக்கு அளிக்கவில்லை. 2019இல் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று பட்டம் சூடிய மதுரையின் சேது எஃப்.சி. அதே லீக்கில் தன் இடத்தை ஆண்டுதோறும் ஆடியே காத்து வருகிறது. விருதுநகரிலிருந்து மதுரைக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். இம்மாவட்டத்துப் பள்ளி மைதானங்களில் ஆடும் சிறுமிகளுக்கு அந்த ஏணியின் முதற்படி கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. அவர்களுடைய அண்ணன்மார்களுக்குத் தமிழ்நாட்டில் எஞ்சியிருக்கும் உச்சநிலை அணி சென்னையின் எஃப்.சி. ஒன்றுதான், அதற்குள் ஏறிச் செல்லும் படிகளை இனிதான் யாராவது கட்ட வேண்டும்.