போன் போகாத அறையில் ஓடும் பாட்டு

காலை ஆறரைக்கெல்லாம் சிவகாசிப் பக்கத்துத் தாயில்பட்டியில் ஆபீஸ் வண்டிகள் வந்து நின்றுவிடும். எங்கள் பக்கம் 'ஆபீஸ்' என்றால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பைல் புரட்டுகிற இடமில்லை. பயர் ஆபீஸ், அதாவது பட்டாசு ஆலை; இல்லாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். தூக்குவாளியும் தண்ணீர் பாட்டிலுமாகப் பெண்கள் ஏறி உட்கார்ந்ததும், டிரைவர் அண்ணன் முதலில் வண்டியைக் கிளப்புவாரா பாட்டைக் கிளப்புவாரா என்று சொல்ல முடியாது. பென்டிரைவ் அவருடையது. அதில் என்ன கிடக்கிறதோ அதுதான் அன்றைக்கு ஊருக்குப் புதுப்பாட்டு.

அந்த வண்டியில் போகிறவர்களில் எங்கள் மதினியும் ஒருவர். வெடிக்குத் திரி செருகுகிற வேலை. முன்பெல்லாம் சரம் பின்னிக்கொண்டிருந்தார். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை போட்ட பிறகு திரிக்கு மாறினார். எனக்கு சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை. அது சோற்றுக்கு. மற்றபடி நான் புதுப்பாட்டுப் பைத்தியம். ஆறு மணிக்கு சிங்கிள் என்று அறிவித்தால் ஐந்தே முக்காலுக்கே யூடியூப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னும் வராத வீடியோவின் கீழே ஆயிரம் பேரோடு சேர்ந்து காத்துக்கிடக்கிற ரகம்.

இத்தனை வருடம் கேட்டும், எந்தப் பாட்டு நிற்கும் எது போகும் என்று நான் சொன்னது பாதிக்குப் பாதி பொய்த்திருக்கிறது. மதினி சொன்னது பொய்த்ததே இல்லை. காரணம் அவருடைய காது மட்டுமல்ல, அவர் வேலை பார்க்கிற அறை. பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். உள்ளே ரேடியோ கிடையாது, ஹெட்போன் கிடையாது. ஓர் அறையில் நாலு பேர், நாலு பக்கமும் வாசல், அவ்வளவுதான். சாயங்காலம் வரை அந்த அறைக்குள் ஒரு பாட்டு ஓட வேண்டுமென்றால் அது யாராவது ஒருவர் மண்டைக்குள் ஏறிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அல்காரிதம் அங்கே வராது. வாரத்துக்கு ஒருமுறை "மதினி, இப்ப ரூம்ல என்ன ஓடுது?" என்று கேட்பேன். அவர் சொல்வதுதான் என் டாப் டென். பெரும்பாலான வாரங்களில் அது டாப் டூவைத் தாண்டாது.

சாய் அபயங்கர் கதையையே எடுத்துக்கொள்வோம். பாடகர்கள் திப்பு, ஹரிணியின் மகன். 2024 ஜனவரியில் 'கட்சி சேர' வந்தபோது நான் அன்று இரவே முப்பது தடவை கேட்டேன். வண்டிக்குள் அது வந்து சேர மாதக்கணக்கானது. வந்ததும் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "இது எந்தப் படம்?" எந்தப் படமும் இல்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். படம் இல்லாத பாட்டு அவர்களுக்குக் கதவு எண் இல்லாத வீடு மாதிரி. ஆனால் ஒருமுறை உள்ளே நுழைந்த பிறகு அந்தப் பாட்டு அறையை விட்டு வெளியே போகவில்லை. அதே ஆண்டு தங்கை சாய் ஸ்மிருதியோடு பாடிய 'ஆச கூட' அதைவிட வேகமாகப் போய் உட்கார்ந்தது. இரண்டு பாட்டிலும் மெட்டு எளிது, தாளம் நடக்கிற தாளம், மூச்சு வாங்க இடமிருக்கிறது.

அதே பையன் 2025 தீபாவளிக்கு, அக்டோபர் 17-ல், 'டியூட்' படத்தோடு வந்தார். 'ஊரும் பிளட்' இன்ஸ்டாகிராமில் திரும்பின பக்கமெல்லாம் ஓடியது. எனக்கும் பிடித்தது. மதினியிடம் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா கைக்கு வர மாட்டேங்குது" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு வீட்டில் உட்கார்ந்து செய்து காட்டினார்: இடக்கையில் குழாய், வலக்கையில் திரி, செருகு, அழுத்து, தள்ளு. இந்த மூன்று அசைவுக்குள் பாட்டின் ஒரு வரி விழ வேண்டும். விழுந்தால் கை பாடும், வாய் அதற்குப் பின்னால் போகும். விழாவிட்டால் பாட்டு நல்ல பாட்டாகவே இருந்தாலும் பத்து நிமிடத்தில் மறந்துபோகும். முப்பது விநாடி ரீல்ஸுக்காகச் செதுக்கிய பாட்டுகளில் அந்த முப்பது விநாடி கூராக இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் இருப்பது பாக்கெட்டில் அடைத்த காற்று. இரண்டாவது சரணம் என்று ஒன்று இருந்ததே, அது எங்கே போனதென்று யாராவது தேடினால் தேவலை.

அனிருத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது. 2011 நவம்பரில் 'ஒய் திஸ் கொலவெறி' வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அன்று தொடங்கிய ரசிகன், இன்றும் ரசிகன். இருந்தாலும் ஒரு குறை. 2022-ல் 'அரபிக் குத்து', 2023-ல் 'காவாலா', 2024-ல் 'மனசிலாயோ', அதே வருடக் கடைசியில் 'சவதீகா', 2025-ல் 'மோனிகா'. அரபி, தெலுங்கு, மலையாளம், தாய்லாந்து என்று மனிதர் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வாயில் ஒட்டிக்கொள்கிற ஒரு வெளிச்சொல், அதைச் சுற்றி ஒரு டோலக்கு, அதன்மேல் ஒரு பெரிய நடிகர். ரசிகனாகவே சொல்கிறேன், ஒரு வருடம் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வரலாம்.

'காவாலா' மட்டும் எங்கள் ஊருக்கு வெளிச்சொல் இல்லை. சாத்தூர், வெம்பக்கோட்டைக் கரிசல் காட்டில் பல வீடுகளில் பேசுவது தெலுங்குதான். "இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்று சோற்றுக் கரண்டியோடு நிற்கிற பாட்டி நாள்தோறும் சொல்கிற சொல் அது. அந்தப் பாட்டு வந்த மாதம் எங்கள் தெருவில் ஒரு பாட்டி குழம்பு ஊற்றும்போதெல்லாம் பேரப்பிள்ளைகள் எழுந்து ஆடிக் காட்ட, கரண்டியாலேயே விரட்டினார். ஷில்பா ராவ் குரலுக்கு இப்படியொரு மரியாதை வேறெந்த ஊரிலாவது கிடைத்திருக்குமா தெரியாது.

இனி எண்ணிக்கை. புதுப்பாட்டு வந்த மறுநாள் காலை ரசிகர்கள் சண்டை போடுவது பாட்டைப் பற்றி இல்லை; இருபத்துநாலு மணி நேரத்தில் எத்தனை கோடிப் பார்வை என்பதைப் பற்றி. நானும் போட்டிருக்கிறேன். 2019-ல் பாட்ஷா என்ற ராப் பாடகரின் 'பாகல்' ஒரே நாளில் ஏழரைக் கோடிப் பார்வை பெற்றதாகச் சொல்லப்பட்டது. விளம்பரமாக ஓட்டியதும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தது தெரியவந்து சர்ச்சையான பிறகு, விளம்பரத்துக்குப் பணம் கொடுத்து வாங்கிய பார்வைகளை இனி சாதனைக் கணக்கிலும் தரவரிசையிலும் சேர்ப்பதில்லை என்று யூடியூப் அதே ஆண்டு முடிவெடுத்தது. நூறு கோடியைத் தாண்டிய முதல் தமிழ்ப் பாட்டு என்ற பெயர் 2020-ல் 'ரௌடி பேபி'க்குக் கிடைத்தது. யுவன் இசை, தனுஷும் தீயும் பாடியது. அந்த நூறு கோடியில் எங்கள் தெரு பங்கு கணிசம் என்று சத்தியம் செய்வேன்.

எண்ணிக்கையைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இங்கே எல்லாம் குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144. இத்தனை குரோஸ் குழாய் சுற்றினால் இத்தனை ரூபாய். எண்ணினால் காசு வந்தே தீர வேண்டும். அதனால்தான் 'எஞ்சாய் எஞ்சாமி' கதையை நான் சொன்னபோது மதினி சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கேட்டார். 2021 மார்ச்சில் வந்த பாட்டு. தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன். கோடிக்கணக்கில் பார்வை. பிறகு யார் பெயர் முன்னால் வரும், யார் படம் பத்திரிகை அட்டையில் வரும் என்று பெரிய மனத்தாங்கல். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் மேடையில் அறிவு இல்லாமலே அந்தப் பாட்டு பாடப்பட்டது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு இதுவரை ஒரு பைசா வரவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். "இத்தனை கோடி எண்ணிட்டு கூலி குடுக்கலையா?" என்றார் மதினி. "அப்ப யாருதான் எண்ணுனது?"

அந்தப் பாட்டு வந்த ஆண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் வெடித்தது. இருபது உயிருக்குக் குறையாமல் போனது. இந்தப் பக்கத்து ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் எல்லா ஊரிலிருந்தும் எல்லா ஊருக்கும் போகிறவர்கள். அந்த வாரம் வண்டிகளில் பாட்டு ஓடவில்லை. விசேஷ வீட்டு மைக்செட்டும் வாயை மூடிக்கொண்டது. யாரும் உத்தரவு போடவில்லை, டிரைவர் அண்ணன் பென்டிரைவைத் தானே பிடுங்கி வைத்துக்கொண்டார். அதே மாதம்தான் 'கர்ணன்' படத்தின் முதல் பாட்டு வந்தது: 'கண்டா வரச்சொல்லுங்க'. கிடக்குழி மாரியம்மாளின் குரல். எங்கேயோ வேறொரு கதைக்காக எழுதிய பாட்டு. எங்கள் வண்டியில் மௌனம் கலைந்து முதலில் ஓடியது அதுதான். வழக்கமாகப் பாட்டோடு சேர்ந்து பாடுகிறவர்கள் அன்று ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலத்தைப் பார்த்துக்கொண்டு வந்ததாக மதினி சொல்வார். அந்த ஜூனில் தாயில்பட்டியிலேயே ஒரு வீட்டில் வெடித்தது. அதற்குப் பிறகு எந்தப் பாட்டு ஓடியது என்று நான் கேட்கவில்லை.

'எஞ்சாய் எஞ்சாமி'யும் அதே நாட்களில் வந்ததுதான். நகரத்துப் பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளை நினைத்து அறிவு எழுதியது அது. ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு, அந்தக் கொண்டாட்டத்துக்கு அடியில் ஓடுகிற அழுகை முதல் தடவையே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் கடந்த பத்து வருடத்தில் வந்த தமிழ்ப் பாட்டுகளில் முதலிடம் அதற்குத்தான், பைசா வந்தாலும் வராவிட்டாலும்.

சிவகாசிக்கும் ஹிட் பாட்டுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததில்லை. 1886-ல் சிவகாசியில் பிறந்த நாடக நடிகர் விசுவநாத தாஸ், வெள்ளைக்காரனைக் கொக்கு என்று மேடையில் பாடிக் கைதானவர். ஒருமுறை இரண்டுமுறை இல்லை, பலமுறை. அந்தக் காலத்தில் பாட்டு எவ்வளவு ஹிட் என்று தெரிய போலீஸ் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினால் போதும். விளம்பரப் பார்வை கலந்துவிட்டது என்ற புகாருக்கே இடமில்லை. 1940-ல் சென்னை மேடையில் முருகன் வேடத்தில் மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போனது.

இப்போதைய புதுவரவுகளில் பாதி பழைய பாட்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024-ல் 'லப்பர் பந்து' படத்தில், 1989-ல் விஜயகாந்த் நடித்த 'பொன்மனச் செல்வன்' பாட்டு திரும்பி வந்தது. அவர் எங்கள் பக்கத்துக்காரர், அப்போது அவர் போய் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. படம் பார்த்துவிட்டு வந்த பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், நானும்தான். அங்கே அந்தப் பாட்டு கதைக்குள் ஒரு ஆளாக வந்து நின்றது. 'குட் பேட் அக்லி'யில் 'ஒத்த ரூபாயும் தாரேன்', 'டியூட்' படத்தில் 'கருத்த மச்சான்' என்று அடுத்தடுத்து வந்தபோது எனக்கு அலுப்புத் தட்டியது. இளையராஜா நோட்டீஸ் விட்டு, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. சட்டம் அவர்கள் பாடு. ரசிகனாக என் புகார் ஒன்றுதான்: போன வருட சரக்குக்குப் புது லேபிள் ஒட்டி விற்பது எப்படி இருக்கும் என்று லேபிள் அச்சடிக்கிற எனக்குத் தெரியாதா?

'முத்தமழை' விவகாரத்தில் ஊரே சின்மயி பக்கம் நின்றது. 2025 மே மாதம் 'தக் லைஃப்' விழா மேடையில், பதிவில் பாடிய தீக்குப் பதிலாக அவர் பாடியது பரவியது, சரி, அருமையாகத்தான் பாடினார். நான் தீ கட்சி. அந்தக் கரகரப்பில்தான் அந்தப் பாட்டின் வலி இருக்கிறது. சின்மயியிடம் வலி அழகாகிவிடுகிறது. இதைச் சொல்லி நண்பர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அறைக்குள் இரண்டு பேர் பதிப்பும் போகவில்லை. "அதெல்லாம் நல்லாப் பாடத் தெரிஞ்சவங்க பாடணும் தம்பி" என்று மதினி ஒதுக்கிவிட்டார். 'ரெட்ரோ'வின் 'கனிமா' மட்டும் அந்தக் கோடை முழுக்க இருந்தது. சந்தோஷ் நாராயணனின் அந்தக் கல்யாண வீட்டுக் குரலோடு சேர யாருக்கும் பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

போன வாரம் மழை. ஈரக்காற்று அடித்தால் ஆபீஸ் லீவு. மதினி திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே எதையோ முனகினார். நல்ல மெட்டு, மூன்று வரியில் ஏறி நாலாவதில் பட்டென்று கீழே இறங்குகிறது. எனக்குத் தெரியாத பாட்டு ஒன்று இருக்க முடியுமா என்ற ரோஷத்தில், முனகினால் பாட்டைக் கண்டுபிடித்துத் தருமே அந்த வசதியைப் போனில் திறந்து அவர் வாயருகே நீட்டினேன். ஒரு தெலுங்குப் பக்திப் பாட்டைக் காட்டியது. மறுபடி நீட்டினேன். சோப்பு விளம்பரம்.

"அது படத்துப் பாட்டு இல்ல தம்பி. நாலாம் நம்பர் ரூம்ல ஒரு பெரியம்மா பாடும்."

"யாரு எழுதுனது?"

"அதுவாத்தான் சொல்லிக்கிட்டே போகும். முந்தாநாள்கூட ரெண்டு அடி கூடுச்சு."

ஒருநாள் அவரை வீட்டுக்கு அழைத்து வாருங்கள், பதிவு செய்துகொள்ளலாம் என்றேன்.

"கேட்டுப் பாத்தாச்சு. வீட்ல வச்சுப் பாடச் சொன்னா வராதாம். கையில திரி இருக்கணுமாம்."