செய்தியின் எஜமான் யார்?

டெலிவிஷனில் ஒரு செய்தியைக் கேட்டதும், "இது எந்தக் கட்சியின் டெலிவிஷன்?" என்று வினவுவது தமிழ் ஜனங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. முப்பது வருஷ அனுபவம் கற்பித்த பாடம் இது.

மாறன் குடும்பத்தாரின் சன் டெலிவிஷன் 1993-இல் தோன்றிற்று. 1999-இல் அ.தி.மு.க. சார்பான ஜெயா வந்தது, 2006-இல் பா.ம.க. சார்பான மக்கள்; 2007-இல் கலைஞர்; 2010-இல் தே.மு.தி.க. சார்பான கேப்டன். 2001 ஜூன் 30 அதிகாலையில் முன்னாள் முதல் மந்திரி மு. கருணாநிதி கைதானபோது, சன் டெலிவிஷன் போலீசாரின் முரட்டுத்தனத்தை ஓயாமல் காட்டிற்று. ஜெயா டெலிவிஷன் போலீஸ் தரப்பின் படங்களைக் காட்டிற்று. நடந்த சம்பவம் ஒன்று. தமிழ்நாடு பார்த்த சம்பவங்களோ இரண்டு.

இந்த நிலைமையின் முழு உருவத்தையும் காண விரும்புவோர் பெரம்பலூரைப் பார்த்தால் போதும். 1996, 1999, 2004 தேர்தல்களில் அத்தொகுதி தேர்ந்தெடுத்த ஸ்ரீ ஆ. ராசா, பின்னர் தகவல் தொடர்பு மந்திரியாக இருந்து, 2ஜி அலைக்கற்றை வழக்கை எதிர்கொண்டார். அவ்வழக்கில் கலைஞர் டெலிவிஷனுக்கு வந்த 200 கோடி ரூபாயும் ஒரு விஷயமாயிற்று. 2017 டிசம்பர் 21-இல் தனிக் கோர்ட் அனைவரையும் விடுதலை செய்தது, சி.பி.ஐ.யின் அப்பீலை 2024-இல் டில்லி ஹைகோர்ட் விசாரணைக்கு ஏற்றது. குற்றம் உண்டா, இல்லையா என்பது கோர்ட்டின் வேலை. நமது கேள்வி வேறு. வழக்கு நடந்த அத்தனை வருஷங்களும் பெரம்பலூர் வோட்டர் எந்தத் திரையை நம்பி உண்மை அறிந்திருக்க முடியும்? ஒரு நிலையம் வழக்கில் சம்பந்தப்பட்டது. இன்னொன்று எதிர்க்கட்சியைச் சார்ந்தது.

2011-இல் எஸ்.ஆர்.எம். குழுமத்தார் 'புதிய தலைமுறை'யைத் தொடங்கினர். கட்சி டெலிவிஷன்களால் சலித்த ஜனங்கள் அதை ஆவலுடன் வரவேற்றனர். ஆனால் அக்குழுமத்தின் ஸ்தாபகர் ஸ்ரீ பாரிவேந்தர், இந்திய ஜனநாயகக் கட்சிக்கும் ஸ்தாபகர். 2014-இலும் 2024-இலும் பாரதீய ஜனதா அணியிலும், 2019-இல் தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்திலும் அவர் பெரம்பலூரில் அபேட்சகராக நின்றார். 2019-இல் வெற்றியும் பெற்றார். அந்த நிலையம் முறை தவறிற்று என்று நாம் குற்றம் சாட்டவில்லை. எனினும், நீதிபதி எவ்வளவு உத்தமராயினும், தம் சுற்றத்தாரின் வழக்கு வந்தால் உறவைச் சொல்லி ஆசனத்தைவிட்டு விலகுவதே கோர்ட்டின் தர்மம். வழக்குமன்றத்துக்கு உள்ள தர்மம் செய்தி மன்றத்துக்கு வேண்டாமா?

"தேசீயப் பத்திரிகைகளும் ஒரு பக்கம் பேசியவைதானே?" என்று சிலர் கேட்பர். ஆம். 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய 'சுதேசமித்திரன்' நடுநிலை வேஷம் போடவில்லை. அது இன்ன பக்கம் என்று தெரிந்தே வாசகர் காசு கொடுத்து வாங்கினார். பட்சம் வைத்திருப்பது பாவமன்று. பட்சத்தை மறைத்து 'நடுநிலை' என்று விற்பதே மோசடி. மேலும், பத்திரிகைக் காகிதம் எஜமானின் சொத்து. வானலைகளோ பொதுஜனங்களின் சொத்து என்று 1995-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. அரசியல் கட்சிகள் ஒளிபரப்பில் இறங்கலாகாது என்று 2014 ஆகஸ்டில் டிராய் ஸ்தாபனம் சிபார்சு செய்தது. பத்து வருஷங்கள் கடந்தும் அது சட்டமாகவில்லை. சட்டம் செய்ய வேண்டியவர்களே டெலிவிஷன் எஜமானர்களாக இருக்கையில் வேறென்ன நடக்கும்?

இதற்குச் சர்க்கார் டெலிவிஷன் மருந்தாகாது. 1975 அவசரநிலைக் காலத்தில் அது யாருடைய குரலாக ஒலித்தது என்பதைத் தேசம் மறக்கவில்லை.

ஆகவே, நாம் கேட்பது எளிய காரியம். நிலையத்தின் எஜமான் யார், அவர் எந்தக் கட்சியில் என்ன பதவி வகிக்கிறார், அவரோ அவர் குடும்பத்தாரோ தேர்தலில் நிற்கின்றனரா என்பவற்றை ஒவ்வொரு செய்தி அறிக்கையின் தொடக்கத்திலும் திரையில் காட்டச் சட்டம் வேண்டும். அதுவரையில் ஜனங்களே காவலர். எதிரெதிரான இரு நிலையங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். சொல்லாமல் விட்டதையும் கணக்கிடுங்கள். அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு இரையானவர்களைப் பற்றியும், பெரம்பலூர்ச் சின்ன வெங்காயத்தின் விலை வீழ்ச்சியைப் பற்றியும் எந்த நிலையம் எத்தனை நாள் பேசிற்று? எந்தக் கட்சி ஆண்டபோது பேசிற்று, எது ஆண்டபோது வாய் மூடிற்று?

முகத்தை மறைத்துக்கொண்டு வருபவர் சாட்சிக் கூண்டில் ஏற முடியாது. செய்தி சொல்பவருக்கும் அதே விதி பொருந்த வேண்டும்.