மனிதர்கள் எங்கே?

ஜேன் ஜேக்கப்ஸ் கட்டடக்கலை படித்தவரல்லர். கல்லூரிப் பட்டமும் பெறவில்லை. 1952-ல் நியூயார்க்கின் ‘ஆர்கிடெக்சுரல் ஃபோரம்’ இதழில் சேர்ந்தார். பழைய குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பும் வேலை அமெரிக்கா முழுவதும் வேகமெடுத்திருந்த காலம் அது. அத்திட்டங்களை முதலில் அவரும் பாராட்டித்தான் எழுதினார்.

பிலடெல்பியாவில் அவர் பார்வை மாறியது. நகரத் திட்ட அதிகாரி எட்மண்ட் பேகன் இரண்டு தெருக்களைக் காட்டினார். பழைய தெருவில் வாசற்படியெங்கும் ஆட்கள், ஓயாத பேச்சு. புதிதாக அமைத்த தெருவில் ஒரே ஒரு சிறுவன் டயரை உதைத்துக்கொண்டிருந்தான். மனிதர்கள் எங்கே என்று கேட்டார் ஜேக்கப்ஸ். பேகன் தெருவின் தோற்ற அழகைப் பற்றியே பேசினார்.

நகரத்தைப் பற்றி எழுதும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பேன். திட்ட அறிக்கையில் ஏக்கர் கணக்கு இருக்கும், வாகனக் கணக்கு இருக்கும். சாயங்காலம் அங்கே யார் வந்து உட்காருவார்கள் என்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

சமூகப் பணியாளர் வில்லியம் கர்க் ஜேக்கப்ஸை நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் தெருத்தெருவாகக் கூட்டிப்போனார். புதிய குடியிருப்புகளுக்காக அங்கே 1,300-க்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும் அழிந்திருந்தன. ஒரு கடை போனால் சாமான் மட்டுமா போகிறது? கடன் கொடுத்தவர், தெருப் பிள்ளைகள்மேல் ஒரு கண் வைத்திருந்தவர், வேலை இருக்கும் இடம் சொன்னவர் எல்லாரும் போய்விடுகிறார்கள். ஒரு குடியிருப்பில் பச்சைப்பசேலென்று புல்தரை போட்டிருந்தார்கள்; குடியிருந்தவர்களுக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை. காப்பி குடிக்கவும், பத்திரிகை வாங்கவும், அவசரத்துக்குக் கைமாற்று கேட்கவும் இடமில்லை. பார்க்க வருகிற பெரியவர்களோ புல்லைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். இவ்வளவு கோபம் ஒரு புல்தரைமேல் ஏன் என்று குடியிருந்தவர்கள் ஒரு சமூகப் பணியாளரிடம் சொன்னதைக் கவனித்துப் பதிவு செய்ததில்தான் ஜேக்கப்ஸின் செய்தியாளர் திறமை எனக்குத் தெரிகிறது. 1961-ல் வெளிவந்த ‘தி டெத் அண்ட் லைஃப் ஆஃப் கிரேட் அமெரிக்கன் சிட்டிஸ்’ இந்த நடையிலும் விசாரிப்பிலும் விளைந்த புத்தகம்.

அதே ஆண்டு அவர் குடியிருந்த வெஸ்ட் வில்லேஜ் பகுதியையே சேரிப் பட்டியலில் சேர்க்க நகர நிர்வாகம் முனைந்தது. அக்கம்பக்கத்தாரைத் திரட்டி அதை முறியடித்தார். செய்தியாளர் போராடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கண்டதை எழுதியபின் தன் தெரு இடிபடும்போது ஒதுங்கி நிற்பதுதான் எனக்கு நேர்மையற்றதாகப் படுகிறது. நியூயார்க்கின் சாலைத் திட்டங்களை நெடுங்காலம் நடத்திய அதிகாரி ராபர்ட் மோசஸ், கீழ் மன்ஹாட்டன் வழியாகப் போட நினைத்த பத்துத் தட விரைவுச்சாலையை எதிர்த்து 1968-ல் கைதானார். மறு ஆண்டு அத்திட்டம் கைவிடப்பட்டது.

அதற்குள், மகன்களை வியட்நாம் போருக்கு அனுப்ப மனமின்றி, குடும்பத்தோடு டொராண்டோ போயிருந்தார். அங்கே ஸ்படைனா விரைவுச்சாலை வந்துகொண்டிருந்தது. அதையும் எதிர்த்து எழுதினார், கூட்டங்களில் பேசினார். 1971-ல் ஒன்டாரியோ அரசு அதை நிறுத்தியது.