இரும்புக் குப்பையில் ஒரு செப்புக் காசு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

மண்ணைத் தோண்டாமலே மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டிக் கொடுக்கும் கருவியை மெட்டல் டிடெக்டர் என்கிறோம். விமான நிலையத்திலும் பெரிய கோவில்களின் வாசலிலும் நம்மைச் சோதிக்கும் கருவிகள் இதன் உறவினர்களே. பழம்பொருள் தேடுவதற்காக இதை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை அடி ஆழம் காட்டும்?" என்பதாகும். கும்மிடிப்பூண்டி போன்ற ஊருக்கு அந்தக் கேள்வி பயன்படாது. "எவ்வளவு குப்பைக்கு நடுவில் காட்டும்?" என்றே கேட்க வேண்டும். அதற்கான காரணத்தை இயற்பியல் மாணவன் என்ற முறையில் விளக்க முயல்கிறேன்.

நம் மாவட்டத்து மண்

திருவள்ளூர் மாவட்டம் தொல்பொருளுக்குப் பெயர் பெற்றது. 1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் பூட் அத்திரம்பாக்கத்தில் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டார். அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் பதினைந்து இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011-இல் வெளியான ஆய்வு கூறிற்று. ஆனால் அவையெல்லாம் கல். எத்தனை விலை கொடுத்து வாங்கிய டிடெக்டரும் அவற்றின் மேல் மௌனமாகவே போகும். உலோகம் இருக்கத்தக்க இடங்கள் வேறு. தமிழகத் தொல்லியல் துறை 2015-16-இல் அகழ்ந்த பட்டரைப்பெரும்புதூர் போன்ற பழைய ஊரிருக்கைகள் ஒரு வகை. டச்சுக்காரர்கள் 1613-இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய பழவேற்காடு மற்றொரு வகை. அங்கே அவர்கள் நாணயச்சாலை வைத்துக் காசு அடித்தனர். அக்காசுகளில் காணப்படும் வி.ஓ.சி. என்ற எழுத்துப் பின்னல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரையாகும். கப்பலோட்டிய நம் வ.உ.சி. என்று யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம்!

இவற்றுக்கு அருகில்தான் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்கு உலைகளும் உருட்டாலைகளும் உள்ளன. சாலையோர மண்ணை ஒரு கைப்பிடி அள்ளினால் ஆணி, கம்பித் துண்டு, வெல்டிங் ராடின் முனை, துருப்பிடித்த போல்ட், உலைக் கிட்டம் என ஏதாவது ஒன்று கையில் வரும். குப்பை நிலம் என்று நான் சொல்வது இதைத்தான்.

கருவி வேலை செய்யும் விதம்

கருவியின் தலைப்பகுதியில் இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒன்றில் மாறுமின்னோட்டம் பாய்ந்து மாறும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அப்புலம் ஓர் உலோகத் துண்டைத் தொட்டதும் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அச்சுழல் ஓட்டம் தானும் ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்க, அதனை இரண்டாவது சுருள் ஏற்று ஒலியாக மாற்றுகிறது. நாம் பள்ளியில் படித்த பாரடேயின் மின்காந்தத் தூண்டல் விதியே இதற்கு அடிப்படை.

செம்பும் வெள்ளியும் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் அவற்றின் சுழல் ஓட்டம் வலுவானது. இரும்போ காந்தத் தன்மையும் உடையது. ஆய்வகத்தில் ஒரு சுருளை வைத்து இவ்வேறுபாட்டைப் பார்த்தோம். செப்புத் தகட்டை அருகில் கொண்டு சென்றபோது சுருளின் தன்தூண்டல் குறைந்தது; இரும்பு ஆணியைக் கொண்டு சென்றபோது கூடியது. திரும்பி வரும் அலையின் கட்டம் இவ்வாறு பொருளுக்குப் பொருள் மாறுவதைக் கணித்தே, "இது இரும்பு, இது செம்பு" என்று கருவி தரம் பிரிக்கிறது. ஆனால் அதன் தீர்ப்பு எப்போதும் சரியாக இராது. அகலமான துருத்தகடு, வாஷர் போன்றவற்றில் சுழல் ஓட்டம் வலுத்துவிடுவதால் அவை நல்ல உலோகம் போலவே ஒலிக்கும்.

குப்பை செய்யும் மாயம்

ஒரு செப்புக் காசின் பக்கத்தில் நான்கு ஆணிகள் கிடப்பதாகக் கொள்வோம். சுருளுக்கு ஐந்தும் சேர்ந்து ஒரே செய்தியாக வருகின்றன. ஆணிகளின் குரலில் காசின் குரல் அமுங்கிவிடும். சந்தை இரைச்சலில் குழந்தை அழைப்பது கேட்காமல் போவது போன்றதே இது.

இதற்கு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1881-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டார். உடலில் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்கத் தொலைபேசி புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தூண்டல் முறையில் ஒரு கருவியை அமைத்துக் கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை. நோயாளி படுத்திருந்த மெத்தைக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தது குழப்பத்துக்கு ஒரு காரணம் எனப் பின்னர் தெரிந்தது. நாமும் எஃகு மெத்தையின் மேல்தான் தேடப் போகிறோம் என்பதை மறக்கலாகாது.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, சுருளின் அளவு. பெரிய சுருள் ஆழம் காணும்; ஆனால் ஒரே பார்வையில் பத்து ஆணிகளையும் சேர்த்துக் காணும். குப்பை நிலத்துக்கு ஐந்து அல்லது ஆறு அங்குலச் சிறு சுருளே ஏற்றது. ஆழம் சற்றுக் குறையும், பாதகமில்லை. காசளவுப் பொருளைப் பெரிய சுருளும்கூட ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே காட்டுவது அரிது. இரண்டு 'டி' எழுத்துகளை முதுகோடு முதுகாக ஒட்டியது போன்ற 'டபுள் டி' சுருள், குறுகிய கீற்றாகத் தரையைப் பார்ப்பதால் அருகருகே கிடப்பவற்றைப் பிரித்துக் காட்டும்.

இரண்டாவது, மீளும் வேகம். ஓர் ஆணிக்கு ஒலி கொடுத்த கருவி, அடுத்த பொருளைக் கேட்க எத்தனை விரைவில் ஆயத்தமாகிறது என்பது இது. மெதுவாக மீளும் கருவி ஆணிக்கு அடுத்த காசைத் தவறவிடும்.

மூன்றாவது, மண்ணும் அலைவெண்ணும். பழவேற்காட்டு ஏரிக்கரையின் உப்பு மண்ணே மின்சாரத்தைக் கடத்தும். அங்கே ஒற்றை அலைவெண் கருவி ஓயாமல் பிதற்றும். பல அலைவெண்களில் ஒருங்கே இயங்கும் கருவி சமாளிக்கும். அத்திரம்பாக்கம் பக்கத்துச் செம்பூரான் சரளையில் இரும்பு ஆக்சைடு மிகுதி. அங்கு மண்ணின் குரலைக் கழித்துவிடும் 'கிரவுண்ட் பேலன்ஸ்' திருகு இன்றியமையாதது. துடிப்பு முறையில் இயங்கும் 'பல்ஸ் இண்டக்ஷன்' கருவி இவ்விரு மண்ணையும் வெல்லும். ஆனால் இரும்பைப் பிரித்தறிவதில் அது பலவீனமானது. ஆணிக்காடான கும்மிடிப்பூண்டிக்கு அது ஆகாது.

நான்காவது, வாங்குமுன் ஒரு சோதனை. ஒரு பலகையில் நான்கு ஆணிகளைக் கிடத்தி, நடுவே ஒரு பழைய செப்புக் காசை வைத்து, எல்லாத் திசைகளிலிருந்தும் சுருளை வீசிப் பாருங்கள். காசின் ஒலி இரண்டு திசைகளிலேனும் தெளிவாகக் கேட்கும் கருவியே நமக்கு உரியது. இன்றைய ஒரு ரூபாய் நாணயம் இச்சோதனைக்கு உதவாது. அது காந்தத்தில் ஒட்டும் எஃகு.

இரும்பை ஒதுக்கலாமா?

பெரும்பாலான கருவிகளில் 'டிஸ்கிரிமினேஷன்' என்றொரு வசதி உண்டு. அதைக் கூட்டினால் கருவி இரும்பைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிடும். சிகரெட் பெட்டியின் காகிதத் தகட்டையும் ஒதுக்கச் சொல்லலாம். வசதிதானே என்று தோன்றும். ஆனால் அரை கிராம்கூட எடையில்லாத நம் பழைய பொற்பணமும் அத்தகட்டின் இடத்திலேயே ஒலிக்கும். தகட்டை ஒதுக்கினால் பொன்னும் போகும்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. இக்கருவிகள் பெரும்பாலும் அயல்நாடுகளில் காசும் பொன்னும் தேடுவோருக்காகச் செய்யப்பட்டவை. அவர்களுக்கு இரும்பு என்றால் குப்பை. நமக்கு அப்படியா? தமிழக அரசு 2025 சனவரியில் வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை செல்வதாகக் கூறுகிறது. இந்த மண்ணில் இரும்பே தொல்பொருள். பழங்காலத்துக் கொல்லன் கழித்த கிட்டமும் நேற்றைய உலைக் கிட்டமும் கருவியின் காதுக்கு ஒன்றே. வேறுபாட்டை அறிய மனிதக் கண்ணும் படிப்பும் வேண்டும். ஆகவே இரும்பை ஊமையாக்காமல், தாழ்ந்த குரலில் ஒலிக்கவிடும் கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

என் தந்தையார் பழைய இரும்புக் கடையில் எடை போடுபவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். காந்தம் ஒன்றே அவருடைய டிடெக்டர். ஒட்டினால் ஒரு விலை, ஒட்டாவிட்டால் ஒரு விலை. ஏர் உழுதபோதும் ஏரி தூர் வாரியபோதும் கிடைத்த துண்டுகளும் அந்தத் தராசுக்கு வருவதுண்டு. நூற்றாண்டுகளை எடை போட அதற்குத் தெரியாது. உலைக்குள் போன பிறகு நேற்றைய ஆணியும் சோழர் காலத்து ஆணியும் ஒரே குழம்புதான்.

சட்டமும் கடமையும்

கருவி கையில் இருப்பது தோண்டும் உரிமை ஆகாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் உரிமமின்றித் தோண்டுவதை 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டமும் அத்தகைய பாதுகாப்பில் உள்ளது. மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த தொல்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தனியாருக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தரவில்லை.

அப்படியானால் கருவியால் யாருக்குப் பயன்? அமெரிக்காவில் 1876-இல் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தை 1984-இல் தொல்லியல் அறிஞர்கள் டிடெக்டர்களுடன் வரிசையாக நடந்து ஆராய்ந்தனர். கிடைத்த ஒவ்வொரு தோட்டாவின் இடத்தையும் குறித்த பின்னரே எடுத்தனர். யார் எங்கே நின்று சுட்டார், எப்படி நகர்ந்தார் என்பதை அந்தத் துண்டுகள் சொல்லின. பொருளைவிட அது கிடந்த இடமே பெரிய சாட்சி என்பது இதனால் விளங்கும்.

எனவே நண்பர்களே, கருவி வாங்குவோர் சிறு சுருளையும் விரைந்து மீளும் கருவியையும் பாருங்கள், இரும்பையும் கேளுங்கள், தொல்லியல் துறையின் அனுமதியோடும் வழிகாட்டுதலோடும் மட்டுமே களத்தில் இறங்குங்கள். கருவி வாங்க இயலாதவர் வருந்த வேண்டியதில்லை. ஊரில் பச்சை படிந்த காசோ பழைய இரும்போ தென்பட்டால், கிடந்த இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வட்டாட்சியரிடமோ பூண்டி அகழ்வைப்பகத்திலோ போய்ச் சொல்லுங்கள். தராசுக்குப் போகுமுன் அது ஏட்டுக்குப் போகட்டும்.