அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே மங்கல நாள்

பழைய பெட்டிகளில் பட்டுப்புடவைக்கு அடியில் மஞ்சள் தடவிய திருமணப் பத்திரிகை ஒன்று இருக்கும். ‘நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம்’ என்று அது தொடங்கினால், அத்தம்பதியர் 1965 சித்திரைக்கும் 1966 பங்குனிக்கும் இடையே மணம் புரிந்தவர்கள். பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது ஆண்டுகளும் ஒரு சுற்றுச் சுற்றி, 2025 சித்திரையில் அதே விசுவாவசு மீண்டும் பிறந்தது. அதற்கடுத்த பராபவ ஆண்டில் மணம் புரிந்தோருக்கு 2026 சித்திரையில் அந்தப் பேறு தொடங்குகிறது.

சஷ்டியப்த பூர்த்தி கணவரின் வயதைக் கொண்டு கணக்கிடப்படுவது. திருமண நாளோ இருவரும் ஒருசேரத் தொடங்கிய வாழ்வின் கணக்கு. அதில் இருவருக்கும் சம பங்கு உண்டு.

திருமண நாள் கொண்டாடுவது அயல்வழக்கம் என்று எண்ணித் தயங்கும் பெரியோர் உண்டு. ஆனால் மதுரையில் ஆண்டுதோறும் சித்திரையில் மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கல்யாணம் நடைபெறுகிறது; அன்று சுமங்கலிகள் தங்கள் மங்கல நாணைப் புதுப்பித்துக் கொள்கின்றனர். பங்குனி உத்திரத்தன்றும் பல தலங்களில் தெய்வத் திருமணம் காண்கிறோம். ஆண்டவனே ஆண்டுதோறும் மணக்கோலம் கொள்ளும்போது அடியவர் தயங்க வேண்டுவதில்லை.

இன்னொரு மனக்குறையும் உண்டு. மார்க்கண்டேயனுக்காக ஈசன் காலனை உதைத்த திருக்கடையூருக்குச் சென்று, அமிர்தகடேசுவரரையும் அபிராமி அன்னையையும் வணங்க வேண்டும் என்பது பலரது விருப்பம். முழங்கால் ஒத்துழைக்காத எண்பது வயதில் அப்பயணம் எல்லோருக்கும் இயல்வதன்று. அதனால் வீட்டிலேயே நடத்துவது குறையாகுமோ என்று மனம் வருந்துகிறது. அந்நாளில் எத்தனையோ திருமணங்கள் வீட்டு வாசலில் பந்தலிட்டே நடந்தன. வீட்டில் தொடங்கிய மங்கலத்தை வீட்டிலேயே நினைவுகூர்வதில் குறை ஏதுமில்லை.

பத்திரிகையில் உள்ள தமிழ் மாதத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்து நாளைக் குறித்துக் கொள்ளலாம். வாசலில் மாக்கோலம், மாவிலைத் தோரணம், பூஜையறையில் குத்துவிளக்கு. பிள்ளையாரை வணங்கி, குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைக்கலாம். அருகிலுள்ள கோயிலில் இருவர் பெயருக்கும் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்து வரப் பிள்ளைகள் செல்லலாம். சர்க்கரைப் பொங்கலும் வடையும் நைவேத்தியத்துக்குப் போதும். சர்க்கரை நோயுள்ளவர் ஒரு துளி பிரசாதத்தோடு நிறுத்திக் கொள்வது நல்லது.

பிறகு இருவரும் நாற்காலியில் அமரட்டும்; மணையில் அமர்ந்தால்தான் மங்கலம் என்பதில்லை. பேரப்பிள்ளைகள் மாலை எடுத்துத் தர, அந்தப் பழைய பத்திரிகையை ஒரு குழந்தை உரக்கப் படிக்கட்டும். அதிலுள்ள கொள்ளுப்பாட்டனார், பாட்டியார் பெயர்கள் அன்று அவ்வீட்டில் ஒலிக்கும். அதைவிடச் சிறந்த முன்னோர் வழிபாடு வேறென்ன?

அட்சதை என்றால் முறியாதது என்று பொருள். முனை முறியாத பச்சரிசியில் மஞ்சள் கலந்து அதை ஆக்குவது அதனால்தான். அந்த அட்சதையைக் கையில் கொடுக்கும்போது, கணவரை இழந்த அத்தையையோ பெரியம்மாவையோ பின்வரிசையில் நிறுத்திவிடக் கூடாது. அன்று மணமகளுக்கு மஞ்சள் அரைத்த கை அவர்களுடையதாக இருக்கலாம். அவர்கள் வாழ்த்தினால் மங்கலம் குறையாது. வாழ்த்தாமல் அவர்கள் விலகி நின்றால்தான் அவ்வீட்டு அட்சதை முறிந்ததாகும்.

துணையை இழந்தோருக்கும் அந்த நாள் ஆண்டுதோறும் வரத்தான் செய்கிறது. அவர்கள் மௌனமாக அதைக் கடந்துபோகும்படி விட்டுவிடாமல், பிள்ளைகள் அருகிலிருந்து ஒரு விளக்கேற்றச் சொல்லி, மறைந்தவர் பெயரால் ஒருவருக்கேனும் அன்னமிடலாம்.

எல்லாம் முடிந்தபின் பத்திரிகையை மீண்டும் பெட்டியில் வைக்கும்முன், அதன் ஓரத்தில் புதிதாகச் சிறிது மஞ்சள் தடவி வைக்கட்டும். அடுத்த தலைமுறை திறந்து பார்க்கும் நாளிலும் அதில் மணம் இருக்க வேண்டும்.