நினைவைக் குலைக்கும் நோய்

காலையில் இட்டலி சாப்பிட்ட பாட்டி, சற்று நேரத்திற்கெல்லாம் "எனக்கு யாரும் பலகாரம் தரவில்லையே" என்கிறார். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த தம் திருமணத்தை நேற்று நடந்ததுபோல் சொல்கிறார். 'வயதானால் அப்படித்தான்' என்று நாம் இருந்துவிடுகிறோம். முதுமையின் சாதாரண மறதி வேறு, இது வேறு. மூக்குக் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது மறதி. அது எதற்குப் பயன்படுகிறது என்பதே தெரியாமற் போவது நோய். இந்நோயின் வேர் மூளையின் உயிரணுக்களில் உள்ளது.

அல்சைமர் கண்டது என்ன?

1901 நவம்பரில், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் 51 வயதுள்ள அகஸ்தே டீட்டர் என்ற பெண்மணி சேர்க்கப்பட்டார். அவரை ஆராய்ந்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் பெயரைக் கேட்டார். அகஸ்தே என்றார். குடும்பப் பெயரைக் கேட்டார். அதற்கும் அகஸ்தே என்றே விடை வந்தது. கணவர் பெயருக்கும் அதே விடைதான்!

1906இல் அப்பெண்மணி இறந்தார். அவருடைய மூளையை மெல்லிய சீவல்களாக்கி, வெள்ளி உப்பினால் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார் அல்சைமர். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவுகள் இருந்தன. உள்ளேயோ, நூற்கண்டு சிக்குண்டதுபோல் இழைச் சிக்கல்கள் காணப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் அவையில் இதனை அவர் எடுத்துரைத்தார். பின்னர் நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

படிவும் சிக்கலும்

படிவு எதனால் ஆனது? 1984இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கிளெனரும் வாங்கும் அதற்கு விடை கண்டனர். நரம்பணுவின் சவ்வில் ஊடுருவி நிற்கும் ஒரு புரதம் உண்டு. நொதிகள் அதனைக் கத்தரிபோல் வெட்டுகின்றன. ஓரிடத்தில் வெட்டினால் தீங்கில்லை. வேறு இரண்டு இடங்களில் வெட்டினால், ஏறத்தாழ 40 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா அமிலாய்டு என்னும் துண்டு பிறக்கிறது. 42 அமினோ அமிலங்கள் உடைய துண்டு ஒட்டும் தன்மை மிக்கது. இத்துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு படிவாகின்றன.

சிக்கலுக்குக் காரணம் டௌ என்னும் புரதம். நரம்பணுவின் நீண்ட இழைக்குள் நுண்குழல்கள் தண்டவாளம்போல் ஓடுகின்றன. உணவும் உறுப்புகளும் அவற்றின் வழியே கடைக்கோடி வரை செல்கின்றன. தண்டவாளம் கலையாமல் பிடித்து வைக்கும் கட்டைகளே டௌ புரதங்கள். அவற்றில் பாஸ்பேட் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் அவை கழன்று, தம்முள் முறுக்கிக்கொள்கின்றன. போக்குவரத்து தடைப்படுகிறது. பிற அணுக்களுடன் உள்ள இணைப்புகள் முதலில் நலிகின்றன. பிறகு அணுவே மடிகிறது.

ஆக, இவ்விரண்டும் வெளியிலிருந்து வந்த நஞ்சுகள் அல்ல. நம் உடலின் சொந்தப் புரதங்களே.

குப்பை ஏன் தேங்குகிறது?

தோலின் அணு தேய்ந்தால் புதிய அணு வருகிறது. நரம்பணுக்களில் பெரும்பாலானவை அப்படியல்ல. நம்முடன் பிறந்து நம்முடனே முதுமை அடைகின்றன. எனவே அன்றாடக் கழிவை அன்றன்றே அகற்றியாக வேண்டும். கெட்டுப்போன புரதத்தைச் சிதைக்க அணுவுக்குள் நொதிப் பைகள் உண்டு. வெளியில் கிடப்பதை விழுங்க நுண்காவல் அணுக்களும் உண்டு. வயது ஏற ஏற இவை தளர்கின்றன. தேங்கிய கழிவு மேலும் அணுக்களைக் கெடுக்கிறது. பார்க்கின்சன் நோயிலும், ஹன்டிங்டன் நோயிலும் வேறு புரதங்கள் இவ்வாறே திரள்கின்றன.

டௌ சிக்கல் தொடக்கத்திலேயே தாக்கும் பகுதிகளுள் ஒன்று, கடற்குதிரை வடிவமுள்ள ஹிப்போகேம்பஸ். புதிய நினைவுகளைப் பதியவைப்பது அதுதான். பழைய நினைவுகள் பெருமூளைப் புறணியில் பரவியிருப்பதால் நெடுநாள் தப்புகின்றன. பாட்டிக்குத் திருமணம் நினைவிருந்து இட்டலி மறந்ததன் காரணம் இதுவே.

மருந்து உண்டா?

அமிலாய்டை அகற்றும் லெக்கானெமாப் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்கா முழு ஒப்புதல் வழங்கியது. தொடக்க நிலை நோயாளிகளிடம் 18 மாதச் சோதனையில், நோய் முற்றும் வேகத்தை அது 27 விழுக்காடு குறைத்தது. நோயை நிறுத்தவில்லை. மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் சிலருக்கு நேர்ந்தன. படிவுகள் மறதிக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகின்றன. மருந்தோ பிந்தி வந்து சேருகிறது.

ஆகவே, மறதி மிகுந்தால் மருத்துவரிடம் காட்டத் தயங்கலாகாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டுக் குறைவு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குத் தக்க சிகிச்சை உண்டு. இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் நடுவயதிலேயே கட்டுக்குள் வைப்பது மூளைக்கும் நன்று.

உணவு கேட்கும் பாட்டி பொய் சொல்லவில்லை. அந்தக் காலை அவருடைய மூளையில் பதியவே இல்லை. கடிந்துகொள்வதால் அது பதியப் போவதுமில்லை. இன்னும் ஓர் இட்டலியை அன்போடு கொடுப்பதே பொருத்தமாகும்.