பறக்கும் அணிலின் தாய்வழிச் சொத்து

மொட்டை மாடியில் வடாம் பிழிந்து காயப் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் உள்ளே போய் வருவதற்குள், அணில் வந்து கொறித்துவிட்டுப் போன அநுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். கோபம் வந்தாலும் அதன் முதுகிலுள்ள மூன்று கோடுகளைப் பார்த்ததும் மனசு இளகிவிடும். ராமபிரான் தடவிக் கொடுத்த முதுகல்லவா!

அந்த அணிலையே இரண்டரைக் கிலோ எடை உள்ளதாகக் கற்பனை செய்து பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். முதுகில் கோடு கிடையாது. உடம்பு முழுவதும் கம்பளி போன்ற அடர்ந்த சாம்பல் நிற ரோமம். போதாக்குறைக்கு அது பறக்கவும் செய்கிறது!

கதையில்லை. இமயமலைப் பக்கத்தில் உண்மையாகவே இருக்கிறது. கம்பளிப் பறக்கும் அணில் என்று பெயர். 'பறக்கிறது' என்பது கொஞ்சம் மிகை. அதற்குச் சிறகு இல்லை. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே, விரித்த புடவைத் தலைப்பைப் போல ஒரு தோல் இருக்கிறது. உயரமான இடத்திலிருந்து பாய்ந்து, கை கால்களை அகட்டி, காற்றில் சறுக்கிக்கொண்டு வந்து இறங்குகிறது. கீழிருந்து மேலே பறக்க அதனால் ஆகாது.

எழுபது வருஷத் தலைமறைவு

1888-ம் வருஷம், லண்டன் மியூசியத்தில் பணியாற்றிய ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் என்ற அறிஞர், கில்கிட் பகுதியிலிருந்து கிடைத்த தோலை வைத்து இந்தப் பிராணிக்கு யூபெட்டாரஸ் சினேரியஸ் என்று விஞ்ஞானப் பெயர் சூட்டினார். அதன் பிறகு இன்னும் சில தோல்கள் சேர்ந்தன. அவ்வளவுதான். பிறகு சுமார் எழுபது வருஷ காலம் ஆளையே காணோம். பூண்டோடு அழிந்துபோய்விட்டது என்றே பலரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

பீட்டர் ஸாலர் என்ற அமெரிக்கர் மட்டும் விடவில்லை. வடக்குப் பாகிஸ்தானின் மலைப் பள்ளத்தாக்குகளில் அலைந்து தேடினார். 1994-ல் அதிர்ஷ்டம் அடித்தது. அந்த மலைக் குகைகளில் சிலாஜித்து சேகரித்து விற்றுப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடைகளில் நீங்கள் கேள்விப்பட்டிருக்கக் கூடிய அதே சிலாஜித்துதான். அது இந்த அணிலின் சிறுநீர் உறைந்து உண்டானது என்பது அங்கே உள்ளவர்களின் நம்பிக்கை. அந்த ஆட்கள்தான் உயிரோடு ஓர் அணிலைப் பிடித்துப் பையில் போட்டுக் கொண்டுவந்து ஸாலரிடம் கொடுத்தார்கள்!

பகலெல்லாம் குகையிலும் பாறை இடுக்கிலும் தூங்கிவிட்டு, இரவில் வெளியே வருகிறது இந்த அணில். சாப்பாடு என்ன தெரியுமா? பைன் மரத்தின் ஊசி இலை. நார் மிகுந்த அந்த இலையை அரைத்து அரைத்துப் பல் தேய்ந்துபோகாதோ என்று கேட்பீர்கள். அதற்கென்றே உயரமான பற்களைக் கொடுத்திருக்கிறது இயற்கை.

ஒன்றா, மூன்றா?

அணில் கிடைத்துவிட்டது. ஆனால் அடுத்த கேள்வி பிறந்தது. மியூசியங்களில் இருந்த தோல்களையும் மண்டையோடுகளையும் குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்தபோது, இந்த அணில் ஒன்றுக்கொன்று வெகு தூரத்திலுள்ள மூன்று பிரதேசங்களிலிருந்து வந்திருப்பது தெரிந்தது. முதலாவது, வடக்குப் பாகிஸ்தானும் இந்தியாவின் வடமேற்கும். இரண்டாவது, திபெத்தின் தென்பகுதி, வடக்குச் சிக்கிம், மேற்குப் பூட்டான். மூன்றாவது, சீனாவின் யுன்னான் மாகாணத்தின் வடமேற்கு மூலை. மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான்.

பெயர் ஒன்றாக இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றுகிறதா? முழுகத்தான் செய்யும். யுன்னானில் காடு அழிந்து அங்குள்ள அணில்கள் ஒழிந்துபோகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். "பரவாயில்லை, அதே அணில்தான் பாகிஸ்தானில் இருக்கிறதே" என்று உலகம் சும்மா இருந்துவிடும். உண்மையில் அது வேறு இனமாக இருந்தால், இருந்தது தெரியாமலே ஓர் உயிரினம் உலகத்தை விட்டுப் போயிருக்கும்.

ஆகவே, இவை ஒரே குடும்பமா, எப்போதோ பாகம் பிரிந்துபோன தனிக் குடும்பங்களா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் நடமாடும் அணில்கள் அகப்பட மாட்டா. மியூசிய அலமாரியில் உள்ள காய்ந்த தோலிடம்தான் கேட்க வேண்டும்.

பாட்டியின் சமையல் குறிப்பு

இங்கேதான் வருகிறது தாய்வழிச் சொத்து.

நம் உடம்பானாலும் அணிலின் உடம்பானாலும் அது கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. உயிரணுவின் நடுவே உட்கரு. அதில்தான் மரபுச் செய்திகளில் பெரும்பாலானவை எழுதியிருக்கின்றன. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி. உட்கருவுக்கு வெளியே மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டிக் குட்டி உறுப்புகள் இருக்கின்றன. உணவின் சத்தை உயிரணுவுக்கு வேண்டிய சக்தியாக மாற்றிக் கொடுப்பவை அவைதாம். சமையலறை என்றே சொல்லலாம். அந்தச் சமையலறையிலும் தனியாக ஒரு சின்ன மரபு ஏடு இருக்கிறது. அது வளையம் போல் வட்டமானது.

அந்த ஏட்டை அம்மாதான் கொடுக்கிறாள்! அப்பாவின் ஏடு குழந்தைக்கு வருவதில்லை. நாம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் எழுத்து அப்பாவுடையது, கோத்திரமும் அப்பாவுடையது. மைட்டோகாண்ட்ரியா மட்டும் அம்மா, அம்மாவின் அம்மா, அவளுக்கும் அம்மா என்று பெண் வழியாகவே இறங்கி வருகிறது. மகனுக்கும் அது உண்டு. ஆனால் அவன் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. மகள்தான் கொடுப்பாள்.

ஒரு பாட்டி ரசப்பொடிக்குக் குறிப்பு எழுதி வைத்திருந்தாள். அதை மகள் பார்த்து எழுதிக்கொண்டாள். பேத்தி மகளைப் பார்த்து எழுதினாள். ஒருத்தி கை தவறி 'கால் படி'யை 'அரைப் படி' என்று எழுதிவிட்டால், அவளுடைய சந்ததியார் வீடுகளிலெல்லாம் அரைப் படிதான். நூறு வருஷம் கழித்து எல்லா வீட்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வீடும் எந்த வீடும் நெருங்கிய உறவு, எது முன்பே பிரிந்தது என்று பிழைகளை எண்ணியே சொல்லிவிடலாம்.

அணில் விஷயத்தில் செய்வதும் இதுதான். மரபு ஏடு ஏ, சி, ஜி, டி என்ற நாலே எழுத்தில் எழுதப்பட்டது. தலைமுறைகள் செல்லச் செல்ல எப்போதாவது ஓர் எழுத்து மாறும். மனிதனின் உட்கருவில் சுமார் 300 கோடி எழுத்துக்கள். மைட்டோகாண்ட்ரிய வளையத்திலோ 16,569 எழுத்துக்கள், 37 மரபணுக்கள்தான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1981-ல் இதை முழுவதும் படித்து முடித்தார்கள். அணிலின் வளையமும் ஏறக்குறைய அதே நீளம்.

காய்ந்த தோல் பேசுமா?

இறந்த உடலில் மரபு இழை நாளாக ஆகச் சிதைந்து துண்டு துண்டாகிவிடும். அப்படியிருக்க, எத்தனையோ வருஷத்துத் தோலில் என்ன மிஞ்சும்?

ஒரு வீட்டில் வெள்ளம் புகுந்துவிட்டது. வீட்டுப் பத்திரம் மூலமும் நகலுமாக இரண்டே பிரதி. கல்யாணப் பத்திரிகையோ ஆயிரம் பிரதி. இரண்டும் கிழிந்து நைந்து கிடந்தால், எதைத் துண்டு சேர்த்துப் படிப்பது சுலபம்? கல்யாணப் பத்திரிகையைத்தான். உயிரணுவிலும் உட்கருச் செய்தி இரண்டே பிரதி. மைட்டோகாண்ட்ரிய ஏடு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் உண்டு.

இதை உலகுக்கு முதலில் காட்டியது க்வாகா என்ற பிராணி. பாதி உடம்பில் மட்டும் வரி உள்ள தென்னாப்பிரிக்க மிருகம் அது. கடைசிக் க்வாகா 1883-ல் ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிசாலையில் இறந்தது. 1984-ல் கலிபோர்னியா விஞ்ஞானிகள், மியூசியத் தோலில் ஒட்டியிருந்த சுமார் 140 வருஷத்துக் காய்ந்த சதையிலிருந்து மைட்டோகாண்ட்ரிய எழுத்துக்களைப் படித்து, க்வாகா வரிக்குதிரையின் நெருங்கிய உறவுதான் என்று காட்டினார்கள்.

வேலை நடக்கும் விதம் இது. தோலிலோ எலும்பிலோ மிகச் சிறிய துணுக்கை வெட்டி எடுக்கிறார்கள். புரதத்தைக் கரைக்கும் திரவத்தில் ஊற வைத்து, மரபு இழையை மட்டும் பிரிக்கிறார்கள். கிடைத்த துளியைப் பல லட்சம் பிரதிகளாகப் பெருக்கி, இயந்திரத்தில் எழுத்து எழுத்தாகப் படிக்கிறார்கள். ஒரு துண்டின் கடைசி எழுத்துக்கள் அடுத்த துண்டின் ஆரம்பத்தோடு பொருந்துகின்றனவா என்று கம்ப்யூட்டர் பார்த்து ஒட்டிக்கொண்டே போகும். முடிவு தொடக்கத்தோடு வந்து சேர்ந்தால் வளையம் பூர்த்தி!

நம் வீட்டு ஊறுகாய் ஜாடியில் ஈரக் கை படக்கூடாது என்பதைவிடக் கடுமையான ஆசாரம் இங்கே. ஆராய்ச்சிக்காரரின் எச்சில் துளி பட்டால் போதும். அணிலுக்குப் பதில் அவருடைய தாய்வழிதான் படிக்கக் கிடைக்கும். அதனால்தான் கையுறை, முகமூடி, தனி அறை. கூடவே, ஒன்றும் போடாத வெறும் குழாய் ஒன்றையும் அதே முறைக்கு உட்படுத்துவார்கள். அதில் ஏதாவது எழுத்து வந்துவிட்டால் தீட்டுப் பட்டுவிட்டது என்று அர்த்தம்.

தீர்ப்பு

ஆஸ்திரேலிய மியூசியத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஜாக்சன், கிறிஸ்டோபர் ஹெல்கன் ஆகியோரும், சீனாவின் குன்மிங் விலங்கியல் ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்களும் கம்பளி அணிலின் வழக்கை எடுத்துக்கொண்டார்கள். மைட்டோகாண்ட்ரிய வளையத்திலிருந்து மூன்று மரபணுப் பகுதிகளைப் படித்தார்கள். தாய்வழி ஒன்றையே நம்பித் தீர்ப்புச் சொன்னால் பாதிக் கதைதானே? அதனால் உட்கருவிலிருந்தும் ஒரு பகுதியைப் படித்தார்கள். இத்தனை எழுத்து மாறினால் வேறு இனம் என்று திட்டவட்டமான கணக்கு ஏதும் கிடையாது. ஆகவே மண்டையோடுகளை அளந்து, ரோமத்தையும் தோலையும் ஒப்பிட்டார்கள்.

2021-ல் தீர்ப்பு வெளியாயிற்று: ஒன்றல்ல, மூன்று. மேற்கே பழைய பெயரையே தாங்கிய அணில். நடுவே திபெத்துக் கம்பளி அணில். கிழக்கே யுன்னான் கம்பளி அணில். மூன்று குடும்பங்களும் பாகம் பிரிந்து பல லட்சம் வருஷங்கள் ஆகிவிட்டன.

ஒன்று மூன்றானதில் சந்தோஷம் உண்டு, கவலையும் உண்டு. ஏற்கெனவே அபூர்வமாக இருந்ததை மூன்றாகப் பங்கு போட்டால், ஒவ்வொன்றும் இன்னும் அபூர்வமல்லவா? மேற்கத்திய அணில், அழியும் ஆபத்தில் உள்ளவை என்ற சர்வதேசப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. அது உண்ணும் பைன் மரங்களை விறகுக்கும் வீட்டுக்கும் வெட்டுகிறார்கள். இனி ஒவ்வொரு மலையின் காட்டையும் அந்தந்த அணிலுக்காகத் தனித்தனியே காப்பாற்றியாக வேண்டும்.

நம் பக்கத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் சின்னஞ்சிறு திருவிதாங்கூர்ப் பறக்கும் அணில், வெகு காலம் காணாமல் போயிருந்து, 1989-ல் கேரளத்தில் மீண்டும் அகப்பட்டது.

அடுத்த தடவை குழந்தைகளை மியூசியத்துக்கு அழைத்துப் போகும்போது, பாடம் செய்து வைத்த பிராணிகளின் அருகே சற்று நில்லுங்கள். பக்கத்தில் ஒரு சீட்டு இருக்கும்: எந்த ஊர், எந்த வருஷம் என்று. கம்பளி அணிலின் தோல்களோடு யாரோ அந்தச் சீட்டையும் பத்திரமாகக் கட்டி வைத்திருந்தார்கள். அது இல்லாமல் போயிருந்தால் எழுத்துக்களைப் படித்திருக்கலாம். எந்த மலையைக் காப்பாற்றுவது என்று மட்டும் தெரிந்திருக்காது.